பவுண்டி கேம்பைன்களில் எதில் சேரலாம், எதை விட்டுவிடலாம்: ஒரு முழுமையான வழிகாட்டி

கிரிப்டோ உலகில் பவுண்டி என்பது பெரும்பாலும் விளம்பர வேலைக்கான கூலி. ஒரு புதிய திட்டம் தன்னைப் பற்றிப் பதிவு போடவும், கட்டுரை எழுதவும், வீடியோ எடுக்கவும், திட்டத்தை விளக்கும் ஆவணமான வெள்ளை அறிக்கையை மொழிபெயர்க்கவும் ஆட்களைத் திரட்டுகிறது. அதற்கென்று, தானே வெளியிடும் டிஜிட்டல் நாணயங்களான டோக்கன்களில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைக்கிறது. 2017, 2018 ஆண்டுகளில் ஐசிஓ (புதிய டோக்கனைப் பொதுமக்களுக்கு விற்றுப் பணம் திரட்டும் முறை) அலை வீசியபோது இந்த முறை காட்டுத்தீயாகப் பரவியது. அலை ஓய்ந்த பிறகும் பெயரும் வடிவமும் மாறி இன்றும் தொடர்கிறது.

இந்த ஏற்பாட்டில் நீங்கள் வேலையை முதலில் செய்து கொடுத்துவிடுகிறீர்கள். கூலி வாரங்களோ மாதங்களோ கழித்து வருகிறது, அதுவும் கூலி கொடுப்பவரே ஏறக்குறைய செலவில்லாமல் உருவாக்கிக்கொள்ளும் டோக்கனில். கையெழுத்திட்ட ஒப்பந்தம் கிடையாது. ஏமாற்றினால் போய்க் கேட்பதற்கு ஓர் அலுவலகம்கூடப் பல நேரங்களில் இருக்காது. ஆகவே பவுண்டியில் சேருபவர் தன் உழைப்பை ஈடில்லாமல் கடனாகக் கொடுக்கிறார் என்று எண்ணிக்கொண்டு தொடங்குவதே சரி. கடன் கொடுப்பவர் என்ன கேட்பார்? ஆள் யார், பணம் இப்போது யார் கையில் இருக்கிறது, எப்போது திரும்பும், திரும்பாவிட்டால் எனக்கு எவ்வளவு நஷ்டம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் வழிகள்தான். பெரும்பாலான அறிவிப்புகள் முதல் பத்து நிமிடத்திலேயே கழிந்துவிடும். கழிய வேண்டும்.

படி 1: எந்த வகை வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாமே பவுண்டி என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுவதால் குழப்பம் வருகிறது. உள்ளே இருப்பவை முற்றிலும் வேறு வேறு வேலைகள்.

சமூக ஊடக வேலைதான் மிகப் பரவலானது. எக்ஸ் தளத்தில் மறுபகிர்வு, டெலிகிராம் குழுவில் இருப்பு, விருப்பக்குறி இடுவது போன்றவை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதாலேயே இதில் கூட்டம் அதிகம், ஆளுக்குக் கிடைப்பது குறைவு. கேலக்ஸ், ஸீலி போன்ற தளங்களில் 'க்வெஸ்ட்' என்ற பெயரில் வருபவற்றில் பலவும் இதே வகைதான்.

கையொப்பப் பிரச்சாரம் இன்னொரு வகை. பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ 2009-இல் தொடங்கிய பிட்காயின்டாக் விவாதத் தளத்தில் இது வேரூன்றியது. உங்கள் பதிவுகளின் கீழே ஒரு விளம்பரத்தைச் சுமந்துகொண்டு வாரத்துக்கு இத்தனை பதிவுகள் எழுத வேண்டும். கணக்கின் தரவரிசை உயர உயரக் கூலியும் உயரும். 2018 ஜனவரியில் அங்கே 'மெரிட்' முறை வந்த பிறகு, மற்றவர்கள் உங்கள் எழுத்தை மதித்துப் புள்ளி கொடுத்தால்தான் தரவரிசை ஏறும் என்றாகிவிட்டது. வெறும் எண்ணிக்கைக்காக எழுதியவர்களுக்கு அதோடு கதவு அடைபட்டது. பொறுமையாக நல்ல கணக்கை வளர்த்தவர்களுக்குப் பிட்காயினிலேயே வாரக் கூலி கொடுக்கும் பிரச்சாரங்கள் கிடைக்கின்றன. என் கணிப்பில், பவுண்டி வகைகளுள் நிதானமான வருமானத்துக்கு மிக நெருக்கமானது இதுதான்.

கட்டுரை, வீடியோ, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் போட்டியாளர்கள் குறைவு, வேலை அதிகம். மொழிபெயர்ப்பில் ஒரு தொந்தரவு உண்டு: இருபது பக்க வெள்ளை அறிக்கையை முடித்துக் கொடுத்த பிறகு, 'தரம் போதவில்லை' என்ற ஒரே வரியில் மறுக்க முடியும். மொழிக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்றால், உங்களுக்கு இடம் உறுதி என்று எழுத்தில் பெற்ற பிறகே முதல் வரியை மொழிபெயர்க்கத் தொடங்குங்கள்.

பிழை கண்டுபிடிப்பதற்கான பவுண்டி முற்றிலும் வேறு உலகம். இம்யூனிஃபை போன்ற தளங்களில், மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டையைக் காட்டிக்கொடுப்பவர்களுக்குப் பரிசு கிடைக்கிறது. 2022-இல் வார்ம்ஹோல் திட்டம் இப்படி ஒரே ஒரு கண்டுபிடிப்புக்கு 1 கோடி டாலர் கொடுத்தது. ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரல், எழுதவும் படிக்கவும் தெரிந்தவர் மறுபகிர்வுகளில் நேரத்தைக் கரைப்பது வீண். அவர் போக வேண்டிய இடம் இது.

ஏர்டிராப்பையும், அதாவது டோக்கன்களை இலவசமாக வழங்குவதையும், இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்ற டோக்கன் மாற்றும் தளம், அந்த மாதம் முதல் தேதிக்கு முன் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் 400 யூனி டோக்கன்கள் வழங்கியது. யாரும் விளம்பரம் செய்யவில்லை, பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். அந்தக் கதையைக் காட்டி 'எங்கள் பவுண்டியும் அப்படித்தான்' என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 2: கூலி எதில் வருகிறது, இப்போது யார் கையில் இருக்கிறது

அறிவிப்பைத் திறந்ததும் முதலில் தேட வேண்டிய வரி இது. நான் மூன்று தட்டுகளாகப் பிரிப்பேன்.

பிட்காயின், ஈதர், அல்லது டாலர் மதிப்புள்ள ஸ்டேபிள்காயினில் வாரந்தோறும் கொடுப்பவை முதல் தட்டு. தொகை சிறிதாக இருந்தாலும் நஷ்டத்துக்கு எல்லை உண்டு: ஒரு வாரம் கொடுக்கவில்லை என்றால் அந்த ஒரு வார உழைப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏற்கனவே சந்தையில் வாங்கி விற்கப்படும் டோக்கனில் கொடுப்பவை இரண்டாம் தட்டு. விலை ஏறி இறங்கலாம். ஆனால் விலை என்று ஒன்று இருக்கிறது, இன்றே பார்க்கலாம்.

இன்னும் பிறக்காத டோக்கனில், 'விற்பனை முடிந்த பிறகு' கொடுப்பதாகச் சொல்பவை மூன்றாம் தட்டு. அறிவிப்புகளில் மிகப்பெரிய தொகைகள் இங்கேதான் கண்ணைப் பறிக்கும். பணம் திரட்டுவதில் தோற்றால் டோக்கனே இல்லை, கூலியும் இல்லை. திரட்டிய தொகையில் இத்தனை சதவீதம் பவுண்டிக்கு என்று சொல்லியிருந்தால் நிலைமை இன்னும் தளர்வானது, ஏனென்றால் பூஜ்யத்தில் எத்தனை சதவீதம் எடுத்தாலும் பூஜ்யம்தான்.

அடுத்து எஸ்க்ரோ. திட்டத்துக்கும் உங்களுக்கும் இடையில் நம்பகமான மூன்றாவது ஆள் ஒருவர் பவுண்டித் தொகையை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறாரா? வைத்திருந்தால் அந்த முகவரியை வெளியிட்டிருப்பார். முகவரியை, எத்தீரியம் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் போன்ற தளத்தில் ஒட்டிப் பார்த்தால் தொகை இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். எஸ்க்ரோவில் இருப்பது அந்தத் திட்டத்தின் சொந்த டோக்கன் மட்டுமே என்றால், விநியோகம் நடக்கும் என்ற அளவுக்குத்தான் அது உறுதி. அதற்கு மதிப்பு இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. இந்த வேறுபாட்டைப் பலர் தவறவிடுகிறார்கள்.

படி 3: உங்கள் பங்கைக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 கோடி டோக்கன்கள். அதில் 1 சதவீதம், அதாவது 1 கோடி டோக்கன்கள், பவுண்டிக்கு. விற்பனை விலை 2 சென்ட். உடனே அறிவிப்பின் தலைப்பில் '2 இலட்சம் டாலர் பவுண்டி' என்று பெரிய எழுத்தில் வந்துவிடும்.

இனி கீழே இறங்குவோம். எக்ஸ் தள வேலைக்கு இந்தப் பவுண்டியில் 20 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள்: 20 இலட்சம் டோக்கன்கள். பிரச்சாரம் பத்து வாரம். ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 8 ஸ்டேக். இங்கே ஸ்டேக் என்பது வேலைக்குத் தரும் புள்ளி. கடைசியில் மொத்தப் புள்ளிகளால் ஒதுக்கீட்டை வகுத்துத்தான் பங்கு பிரிப்பார்கள். 2,000 பேர் சேர்ந்தால் மொத்தம் 1,60,000 ஸ்டேக். ஒரு ஸ்டேக்குக்கு 12.5 டோக்கன். பத்து வாரமும் ஒழுங்காக வேலை செய்த ஒருவரிடம் 80 ஸ்டேக் இருக்கும், கிடைப்பது 1,000 டோக்கன். விற்பனை விலையில் அது 20 டாலர்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் செலவிட்டால் மொத்தம் இருபது மணி நேரம். மணிக்கு 1 டாலர், அதுவும் விலை இறங்காமல் இருந்தால். டோக்கனை எக்ஸ்சேஞ்சில் பட்டியலிட்ட பின் விலை பத்தில் ஒன்றாகச் சரிந்தால் மணிக்கு 10 சென்ட். இந்த எண்ணைப் பார்த்த பிறகும் சேரலாம் என்று தோன்றினால் சேருங்கள். ஆனால் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பங்கேற்பாளர் எண்ணிக்கை எங்கே கிடைக்கும்? நல்ல பிரச்சாரங்கள் ஒரு பொது ஸ்ப்ரெட்ஷீட்டை வைத்திருக்கும். யார் யார் சேர்ந்தார்கள், யாருக்கு எத்தனை ஸ்டேக், யாரை ஏன் நீக்கினார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். முதல் வாரத்திலேயே சேர்ந்தால் ஸ்டேக் அதிகம் சேரும் என்பது உண்மை. இரண்டாம் வாரம்வரை காத்திருந்தால் கூட்டம் எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம் என்பதும் உண்மை. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஒரு வார ஸ்டேக்கை இழந்தாலும் கணக்கை ஊகத்தில் போட வேண்டியதில்லை. ஸ்ப்ரெட்ஷீட் பொதுவில் இல்லை, அல்லது எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை என்றால், உங்கள் பங்கு எவ்வளவு சுருங்கும் என்று கணிக்கவே வழியில்லை. மாறாக, 'முதல் 100 பேருக்கு மட்டும், ஆளுக்கு இவ்வளவு' என்று நிலையான தொகை சொல்பவை அடக்கமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் மேலானவை.

படி 4: அந்த டோக்கனை உங்களிடமிருந்து யார் வாங்குவார்கள்

விலை என்று திரையில் ஓர் எண் தெரிவதும், அந்த விலைக்கு விற்க முடிவதும் ஒன்றல்ல. அதே கற்பனைத் திட்டத்தையே தொடர்வோம்.

டோக்கன் ஒரு பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சில் வருகிறது. அங்கே மாற்றிக்கொள்வதற்காகச் சேர்த்து வைக்கப்பட்ட இருப்பான லிக்விடிட்டி பூலில் ஒரு பக்கம் 50,000 டாலர், மறுபக்கம் அதே மதிப்புக்கு 25 இலட்சம் டோக்கன்கள். இந்தப் பூல்களின் அடிப்படை விதி எளிது: இரு பக்க அளவுகளின் பெருக்குத்தொகை மாறாமல் இருக்க வேண்டும். இப்போது பவுண்டிக்காரர்கள் எல்லோரும் தங்கள் 1 கோடி டோக்கன்களையும் கொண்டுவந்து விற்கிறார்கள், வாங்குபவர் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். டோக்கன் பக்கம் 1.25 கோடியாக, அதாவது ஐந்து மடங்காகப் பெருகுகிறது. எனவே டாலர் பக்கம் ஐந்தில் ஒன்றாக, 10,000 ஆகக் குறைகிறது. விலை 2 சென்டிலிருந்து 0.08 சென்ட் ஆகிறது. இருபத்தைந்தில் ஒரு பங்கு. '2 இலட்சம் டாலர் பவுண்டி' என்று விளம்பரப்படுத்தியதில் எல்லோருக்கும் சேர்த்து உண்மையில் கிடைத்தது 40,000 டாலர். அதிலும் முதலில் விற்றவர்கள் பெரும்பங்கை அள்ளிப் போயிருப்பார்கள்.

ஆகவே அறிவிப்பைப் படிக்கும்போது பவுண்டியின் மொத்த மதிப்பையும் பூலில் போடப்போகும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது எண்ணை எங்கேயும் சொல்லவில்லை என்றால் குழுவிடம் நேரடியாகக் கேளுங்கள். 'பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் விரைவில்' என்ற பதில் ஒரு பதிலே அல்ல. பூலில் போட்ட பணத்தை எப்போது வேண்டுமானாலும் குழுவே உருவிக்கொள்ள முடியுமா, அல்லது குறிப்பிட்ட காலத்துக்குப் பூட்டப்பட்டிருக்கிறதா என்பதும் இங்கேயே கேட்க வேண்டிய கேள்வி.

சின்னக் கூலிக்கு இன்னொரு எதிரி பரிவர்த்தனைக் கட்டணம். எத்தீரியத்தில் நெரிசல் மிகுந்த நேரத்தில், சில டாலர் மதிப்புள்ள டோக்கனை மாற்றுவதற்கான கட்டணம் அந்த டோக்கனின் மதிப்பையே தாண்டிவிடும். டோக்கன் எந்த பிளாக்செயினில் வருகிறது என்று முதலிலேயே பாருங்கள்.

படி 5: விதிமுறைகளில் ஒளிந்திருக்கும் வரிகள்

விதிகளை முழுவதும் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். தேட வேண்டியவை சில.

'எந்த நேரத்திலும் விதிகளை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு' என்ற வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். அதற்காக மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதோடு பவுண்டி அளவைக் குறைக்கும் உரிமையும், காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமையும் சேர்ந்துகொண்டால் கையில் பிடிப்பதற்கு எதுவுமே மிஞ்சாது.

விநியோகத் தேதி ஒரு தேதியாக இருக்க வேண்டும், அல்லது ஒரு நிகழ்வுக்குப் பின் இத்தனை நாளில் என்று இருக்க வேண்டும். 'உரிய நேரத்தில்' என்பது தேதி ஆகாது.

வெஸ்டிங், அதாவது டோக்கனைத் தவணை தவணையாக விடுவிக்கும் ஏற்பாடு. முதலீட்டாளர்களுக்குப் பட்டியலிட்ட அன்றே விடுவித்துவிட்டு, பவுண்டிக்காரர்களுக்கு ஆறு மாதம் பூட்டி வைத்தால், எல்லோரும் விற்று முடித்த பின் மிச்சத்தில் விற்கும் இடம் உங்களுடையது.

கேஒய்சி, அதாவது அடையாள ஆவணச் சரிபார்ப்பு. முன்னரே சொல்லியிருந்தால் யோசித்து முடிவெடுக்கலாம். பத்து வாரம் வேலை வாங்கிவிட்டுக் கடைசி நாளில் திடீரென்று அடையாள அட்டையையும் முகப்படத்தையும் கேட்பது இத்துறையில் பழகிப்போன தந்திரம். கொடுக்கத் தயங்குபவர்களின் கூலி அப்படியே மிச்சமாகிறது, கொடுத்தவர்களின் ஆவணங்கள் எங்கே போகின்றன என்பது யாருக்கும் தெரியாது. விதிகளில் இல்லாத கேஒய்சி கேட்கப்பட்டால், இருபது டாலர் டோக்கனுக்காக என் அடையாளத்தை நான் கொடுக்கமாட்டேன்.

சேருமுன் விதிகள் பக்கத்தை முழுவதும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வலைப்பக்கங்களைக் காத்து வைக்கும் வேபேக் மெஷினிலும் சேமிக்கலாம். பின்னால் ஒரு வரி மாறினால் காட்டுவதற்குச் சான்று வேண்டும்.

படி 6: குழு உண்மையானதா

பொய்க் குழு என்பது கட்டுக்கதை இல்லை. சென்ட்ரா டெக் என்ற நிறுவனம் 2017-இல் 2.5 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது. குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதரும் இசைக் கலைஞர் டிஜே காலிதும் அதை விளம்பரப்படுத்தினார்கள். அதன் நிர்வாகிகள் என்று காட்டப்பட்ட சிலர் கற்பனை மனிதர்கள் என்று, 2018 ஏப்ரலில் வழக்குத் தொடுத்த அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் சொன்னது. கான்ஃபிடோ என்ற திட்டம் 2017 நவம்பரில் சுமார் 3.75 இலட்சம் டாலருடன் ஒரே இரவில் இணையத்திலிருந்து மறைந்தது. மிரோஸ்கி என்ற இன்னொன்று, ஹாலிவுட் நடிகர் ரையன் காஸ்லிங்கின் படத்தைப் போட்டு, அவரைத் தன் வடிவமைப்பாளர் என்று வேறு பெயரில் காட்டியது! அந்தப் படத்தை ஒருமுறை தலைகீழ்த் தேடலில் போட்டிருந்தால் ஒரு நொடியில் அம்பலமாகியிருக்கும்.

ஆகவே குழுப் படங்களை கூகுள் லென்ஸ் போன்ற படத் தேடலில் போடுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் முகங்கள் எந்தத் தேடலிலும் சிக்காது என்பதால், படம் எங்கும் கிடைக்கவில்லை என்பது நற்சான்று ஆகாது. ஆளின் கடந்தகாலம் வேறு இடங்களில் தெரிகிறதா என்று பாருங்கள்: பழைய வேலை, பழைய உரை, மற்றவர்கள் அவரைப் பற்றிக் குறிப்பிட்டது. எல்லாக் கணக்குகளும் ஒரே மாதத்தில் பிறந்திருந்தால் அதுவே விடை. பெயர் வெளியிடாத குழுக்களும் இத்துறையில் நேர்மையாக இருந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஊர் பேர் தெரியாத குழு, பிறக்காத டோக்கன், எஸ்க்ரோ இல்லை என்ற மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நான் பக்கத்தை மூடிவிடுவேன்.

திட்டம் மென்பொருள் என்றால், நிரல்களை வெளியிடும் தளமான கிட்ஹப்பைத் திறந்து, வேலை நடந்த தேதிகளைப் பாருங்கள். வேறொருவரின் நிரலை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தால், மாற்ற வரலாறே காட்டிக்கொடுக்கும். வெள்ளை அறிக்கையின் இரண்டு வாக்கியங்களை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடினால், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பல நேரம் தெரிந்துவிடும். சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர்கள் பத்தாயிரம் பேர் இருந்தும் பதிவுகளின் கீழே 'அருமையான திட்டம்' என்ற வரியைத் தவிர வேறு பேச்சே இல்லையென்றால், அங்கே இருப்பவர்கள் எல்லோரும் உங்களைப் போன்ற பவுண்டிக்காரர்கள்தான். வாடிக்கையாளர் யாரும் இல்லை.

படி 7: மேனேஜரின் பழைய கணக்கு

பிரச்சாரத்தை நடத்துவது பெரும்பாலும் திட்டக் குழு அல்ல, அதற்கென்று அமர்த்தப்பட்ட மேனேஜர். குழுவைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட இவரைப் பற்றித் தெரிந்துகொள்வது எளிது, ஏனென்றால் இவருக்கு வரலாறு இருக்கிறது. அவர் முன்பு நடத்திய ஐந்து பிரச்சாரங்களைத் தேடி எடுங்கள். அவற்றின் அறிவிப்புகளுக்குக் கீழே நடந்த உரையாடல்களின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். 'டோக்கன் வந்துவிட்டது' என்று பங்கேற்றவர்கள் சொல்கிறார்களா, 'எப்போது வரும்' என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருக்கிறார்களா? திட்டம் ஏமாற்றியபோது மேனேஜர் வந்து விளக்கம் சொன்னாரா, காணாமல் போனாரா?

நல்ல மேனேஜருக்கும் சில திட்டங்கள் கைவிட்டிருக்கும். அதை வைத்து எடைபோட வேண்டாம். ஆனால் ஒரே நேரத்தில் முப்பது பிரச்சாரங்கள் நடத்துபவர் எதையும் சரிபார்த்து எடுப்பதில்லை என்பது திண்ணம். இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: மேனேஜருக்குக் கூலி எதில்? அவர் தன் கூலியைப் பிட்காயினில் முன்பணமாக வாங்கிக்கொண்டு, உங்களுக்கு மட்டும் பிறக்காத டோக்கனைக் காட்டினால், அந்த டோக்கனைப் பற்றி அவருடைய உண்மையான கருத்து என்ன என்று யூகித்துக்கொள்ளலாம்.

படி 8: டோக்கன் ஏற்கனவே இருந்தால் அதன் கான்ட்ராக்ட்டைப் பாருங்கள்

நிரல் தெரியாதவர்களும் ஈதர்ஸ்கேனில் சிலவற்றைப் பார்க்க முடியும். கான்ட்ராக்ட்டின் நிரல் வெளியிடப்பட்டுச் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா? டோக்கன் வைத்திருப்பவர்களின் பட்டியலில், எக்ஸ்சேஞ்சும் பூலும் நீங்கலாக, இரண்டு மூன்று முகவரிகளே பெரும்பகுதியை வைத்திருக்கின்றனவா? புதிதாக டோக்கன் உருவாக்கும் அதிகாரம் இன்னும் உரிமையாளரிடம் இருக்கிறதா?

விற்கவே முடியாத டோக்கன்களும் உண்டு. 2021 நவம்பர் தொடக்கத்தில் ஸ்குவிட் என்ற டோக்கனின் விலை 2,800 டாலரைத் தாண்டிவிட்டுச் சில நிமிடங்களில் பூஜ்யத்தைத் தொட்டது. வாங்கியவர்கள் விற்க முடியாதபடி ஆரம்பத்திலிருந்தே தடுக்கப்பட்டிருந்தார்கள். வாங்கியவர்கள் பட்டியலில் பலரும், விற்றவர்கள் பட்டியலில் ஓரிருவர் மட்டுமே இருந்தால் அந்த டோக்கனில் கூலி வாங்கிப் பயனில்லை.

படி 9: வாலட் ஒழுங்கு

பவுண்டிக்கென்று தனி வாலட் (டோக்கன்களை வைத்திருக்கும் டிஜிட்டல் பணப்பை). உங்கள் சேமிப்பு இருக்கும் வாலட்டின் முகவரியைப் பொது ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதினால், உங்கள் பெயரோடு உங்கள் இருப்பும் ஊரறியத் தெரிந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் கணக்கின் முகவரியையும் கொடுக்கக்கூடாது. அந்த எக்ஸ்சேஞ்ச் ஆதரிக்காத டோக்கன் அங்கே வந்து விழுந்தால் மீட்பது கடினம்.

12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புச் சொற்றொடரை யாரும், எந்தக் காரணத்துக்காகவும் கேட்க உரிமை இல்லை. 'கூலியை எடுக்க முதலில் சிறு கட்டணம் அனுப்புங்கள்' என்று சொன்னால் அது மோசடி, அங்கேயே நிறுத்திவிடலாம். வாலட்டை இணைத்து எதையாவது அனுமதிக்கச் சொல்லும் பக்கங்களில், என்ன அனுமதி என்று படிக்காமல் கையொப்பமிட வேண்டாம். ஏற்கனவே கொடுத்துவிட்ட அனுமதிகளை ரிவோக் கேஷ் போன்ற தளத்தில் திரும்பப் பெறலாம். யாரும் கேட்காமல் தானாக வந்து விழும் டோக்கன்களைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் அவை உங்களை ஒரு போலித் தளத்துக்கு இழுக்க வீசப்பட்ட தூண்டில்.

படி 10: உங்கள் பெயருக்கு என்ன விலை

கணக்கில் வராத செலவு இது. நீங்கள் விளம்பரப்படுத்திய திட்டம் மோசடி என்று தெரியவந்தால், உங்களை நம்பிப் பணம் போட்ட நண்பர் உங்களைத்தான் கேட்பார். சட்டமும் கேட்கலாம். 2022 அக்டோபரில் கிம் கர்டாஷியன், எத்தீரியம்மேக்ஸ் டோக்கனை விளம்பரப்படுத்த 2.5 இலட்சம் டாலர் வாங்கியதை வெளியே சொல்லாததற்காக, அமெரிக்க ஆணையத்துக்கு 12.6 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டார். சாதாரணப் பவுண்டிக்காரரைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்று தோன்றலாம். ஆனாலும் 'இது பணம் பெற்று எழுதும் பதிவு' என்று ஒரு வரி சேர்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. அப்படிச் சேர்க்கக்கூடாது என்று விதி போடும் பிரச்சாரம், வாசகர்களை ஏமாற்ற உங்களைக் கூலிக்கு அமர்த்துகிறது.

ஒழுங்காகக் கூலி கொடுப்பதும் நல்ல தொழில் என்பதும் வேறு வேறு என்பதற்குச் சிப்மிக்ஸர் உதாரணம். பிட்காயின்களைக் கலந்து தடயத்தை மறைத்துக் கொடுக்கும் இந்தச் சேவை, கையொப்பப் பிரச்சாரத்தில் நன்றாகக் கூலி கொடுப்பதாகப் பெயர் எடுத்திருந்தது. 2023 மார்ச்சில், கறுப்புப் பணத்தை வெளுக்க உதவியதாகக் கூறி ஜெர்மன், அமெரிக்க அதிகாரிகள் அதை முடக்கினார்கள். அடுத்தநாள் அந்த விளம்பரத்தைத் தங்கள் பெயரின் கீழ் சுமந்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். சூதாட்டம், மிக்ஸர், 'மாதம் இத்தனை சதவீதம் உறுதி' என்று சொல்பவை ஆகியவற்றில் சேருமுன் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கூலியாக வரும் டோக்கனுக்கு வரி உண்டா என்பதையும் அப்படியே.

பல கணக்குகள் வைத்து ஏமாற்றும் யோசனை வந்தால் அதையும் கைவிடுங்கள். 2024 மே மாதத்தில் லேயர்ஜீரோ என்ற கிரிப்டோ திட்டம், தன் ஏர்டிராப்பில் போலிக் கணக்குக்காரர்கள் தாங்களே ஒப்புக்கொண்டால் 15 சதவீதப் பங்கு, பிடிபட்டால் எதுவுமில்லை என்று அறிவித்தது. கண்டுபிடிக்கும் கருவிகள் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டன. அப்படிப் பிடிபடுபவர் தன் நேர்மையான கணக்கின் கூலியையும் சேர்த்தே இழக்கிறார்.

படி 11: சேர்ந்த பிறகு

ஒரே நேரத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் வாராந்தர அறிக்கையை மறப்பது நிச்சயம். ஒரு வார அறிக்கை தவறினால் அந்த வார ஸ்டேக் போய்விடும், சில பிரச்சாரங்களில் ஆளையே நீக்கிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பதிவேடு வையுங்கள்: சேர்ந்த தேதி, செலவான நேரம், செய்த வேலைகளின் இணைப்புகள், ஸ்ப்ரெட்ஷீட்டில் உங்கள் ஸ்டேக். வாரம் ஒருமுறை அவர்கள் எழுதிய எண்ணையும் உங்கள் எண்ணையும் ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் அந்த வாரமே சொன்னால் திருத்துவார்கள். பிரச்சாரம் முடிந்த பின் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

விலகும் நேரத்தையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரமாக ஸ்ப்ரெட்ஷீட் புதுப்பிக்கப்படவில்லை, விற்பனைத் தேதி காரணமின்றி இரண்டாம் முறை தள்ளிப்போகிறது, கேள்வி கேட்டவர்களைக் குழுவிலிருந்து நீக்குகிறார்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று நடந்தால் நான் அந்த வாரத்தோடு நிறுத்திவிடுவேன். 'இவ்வளவு நாள் செய்துவிட்டோமே' என்ற எண்ணம்தான் அடுத்த ஐந்து வாரத்தையும் விழுங்குகிறது.

டோக்கன் கைக்கு வந்துவிட்டதா? முதலில் கான்ட்ராக்ட் முகவரி, திட்டத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் உள்ளதுதானா என்று சரிபாருங்கள், ஏனென்றால் விநியோக நாளில் அதே பெயரில் போலி டோக்கன்களும் வந்து குவியும். பிறகு ஒரு சிறு பகுதியை மட்டும் விற்றுப் பாருங்கள். அது நடந்தால், படி 4-இல் போட்ட கணக்கை எடுத்து, இன்று பூலில் எவ்வளவு பணம் இருக்கிறது, இன்னும் எத்தனை பவுண்டி டோக்கன்கள் விடுபடவில்லை என்று பார்த்து மீதியை முடிவு செய்யுங்கள். கிடைத்த தொகையைச் செலவான மணிகளால் வகுத்து, அந்த எண்ணைப் பதிவேட்டில் மேனேஜரின் பெயருக்கு நேராக எழுதி வைத்தால், அவருடைய அடுத்த அறிவிப்பை அளக்க வேறு எதுவும் தேவைப்படாது.